ஒரே ரோவில் எல்லாரும் +1 போடும்போது போஸ்ட்கிரஸ் திணறுகிறது, என்ன வழி?

மழைக்காகம்:

வணக்கம். தொடர்கதை தளம் ஒன்றின் பின்பக்க வேலையை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 15, மேலே ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்). கதைகள் என்று ஒரு டேபிள். தலைப்பு, சுருக்கம், எழுத்தாளர், கடைசி அத்தியாயத்தின் தேதி இவற்றோடு பார்வைகள், விருப்பங்கள் என்று இரண்டு எண்களும் அதே டேபிளில்தான் இருக்கின்றன. யாராவது ஒரு அத்தியாயத்தைத் திறந்தால் முதல் வேலையாகப் பார்வைகளில் ஒன்று கூட்டுகிறோம், பிறகு அத்தியாயத்தை எடுக்கிறோம், வாசிப்பு வரலாற்றில் ஒரு ரோ (டேபிளில் ஒரு வரி) சேர்க்கிறோம், அடுத்து என்ன படிக்கலாம் என்ற பட்டியலைத் தயாரிக்கிறோம், அப்புறம் கமிட், அதாவது மாற்றங்களை உறுதியாக்குவது. ஆட்டோமிக் ரிக்வெஸ்ட்ஸ் போட்டிருப்பதால் இது மொத்தமும் ஒரே டிரான்சாக்ஷன் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது).

சாதாரண நேரத்தில் ஒன்றும் தெரியாது. பிரபலமான கதைக்குப் புது அத்தியாயம் வந்து பின்தொடர்பவர்கள் எல்லாருக்கும் அறிவிப்பு போனதும்தான் தொல்லை. எல்லாரும் ஒரே கதைக்குள் வருகிறார்கள். ஓடும் செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்தால் ஒரு செஷன் டிரான்சாக்ஷன்ஐடிக்காக (முன்னவரின் டிரான்சாக்ஷன் முடிவதற்காக) காத்திருக்கிறது, மீதி அத்தனையும் டப்புள் என்ற லாக்குக்காக (அந்த ரோ மீதான பூட்டு) காத்திருக்கின்றன. சிபியு பாதிகூட ஏறவில்லை, ஆனால் கனெக்ஷன்கள் தீர்ந்துபோய், அந்தக் கதைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பக்கங்கள்கூடத் திறக்க மறுக்கின்றன. கதைகள் டேபிளின் அளவும் கதைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு வளர்ந்துகொண்டே போகிறது.

என்னிடம் மூன்று விதமான எண்ணிக்கை இருக்கிறது. பார்வைகள், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. விருப்பங்கள், ஒருவருக்கு ஒன்றுதான், அழுத்தியவுடன் எண் மாற வேண்டும். மூன்றாவது, சில அத்தியாயங்களை முதல் 500 பேருக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறோம், அது 501 ஆகவே கூடாது. இந்த மூன்றையும் ஒரே முறையில் கையாளலாமா? ரெடிஸ் (நினைவகத்தில் ஓடும் தனி டேட்டா சர்வர்) வைக்காமல் முடிந்தால் நல்லது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

வைகைக்கரை:

கேள்வியை நன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே முறை வேண்டாம் என்பதுதான் என் பதில், ஆனால் அதற்கு முன்னால் இப்போது எரிகிற இடத்தை அணைப்போம்.

ஒன்றைக் கூட்டுவதற்கு டேட்டாபேஸுக்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். நீங்கள் செலவழிப்பது காத்திருப்பில். ஒரு ரோவை அப்டேட் செய்த டிரான்சாக்ஷன், கமிட் ஆகும் வரை அந்த ரோவின் லாக்கை விடாது. உங்கள் டிரான்சாக்ஷன் முதல் வரியிலேயே லாக்கை எடுத்துவிட்டு, அப்புறம் அத்தியாயம், வரலாறு, பரிந்துரை என்று எல்லாவற்றையும் அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டே செய்கிறது. அப்டேட்டிலிருந்து கமிட் வரை 40 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். அந்தக் கதைக்கு நொடிக்கு 25 பேருக்கு மேல் போக முடியாது. எத்தனை கோர் உள்ள மெஷின் வாங்கினாலும் 25தான். சிபியு சும்மா இருப்பதும் இதனால்தான். 26ஆவது ஆள் காத்திருக்கும்போது அவருடைய கனெக்ஷனும் சேர்ந்து காத்திருக்கிறது, அதனால்தான் சம்பந்தமில்லாத பக்கங்களும் படுத்துவிடுகின்றன.

முதலில் அந்த அப்டேட்டை டிரான்சாக்ஷனை விட்டு வெளியே எடுங்கள். ஜாங்கோவில் ஆன்_கமிட் இருக்கிறது, அதில் கொடுத்த வேலை முக்கிய டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு ஓடும், அந்தக் கூட்டல் தனியாக ஒரு குட்டி டிரான்சாக்ஷனாக நடந்து முடிந்துவிடும். கமிட்டின்போது டிஸ்க்குக்கு எழுதி முடியும் வரையும் லாக் போகாது என்பதால், அந்தக் குட்டி டிரான்சாக்ஷனுக்கு மட்டும் சிங்க்ரனஸ்_கமிட்டை ஆஃப் செய்யலாம். சர்வர் திடீரென்று விழுந்தால் கடைசி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துப் பார்வைகள் போகும், டேட்டா கெடாது. பார்வை எண்ணிக்கைக்கு இது தாராளம். விருப்பத்துக்கும் 500 பேர் கணக்குக்கும் இதைச் செய்யாதீர்கள்.

கூட்டல் டேட்டாபேஸுக்குள்தான் நடக்கிறதா என்றும் பாருங்கள். பைத்தானில் எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, சேவ் செய்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் 100ஐப் படித்து இரண்டு பேரும் 101 என்று எழுதுவார்கள், ஒரு பார்வை சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜாங்கோவின் எஃப் எக்ஸ்பிரஷன் போட்டு, பார்வைகள் = பார்வைகள் + 1 என்றே எஸ்க்யூஎல்லாகப் போக வேண்டும். போஸ்ட்கிரஸின் வழக்கமான ரீட் கமிட்டெட் நிலையில் (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றின் மாற்றத்தை மற்றது எப்படிப் பார்க்கும் என்பதன் நிலை), காத்திருந்த அப்டேட் முன்னவர் கமிட் செய்ததும் புதிய மதிப்பை எடுத்து அதன் மேல் கூட்டும், ஒன்றும் தொலையாது. இன்னும் கடுமையான ரிப்பீட்டபிள் ரீடில் இருந்தால் அப்படி நடக்காது, காத்திருந்தவருக்கு சீரியலைஸ் செய்ய முடியவில்லை என்று 40001 எரர் வரும், நீங்கள்தான் மறுபடி முயல வேண்டும்.

டேபிள் ஏன் வீங்குகிறது என்பது தனிக் கதை. போஸ்ட்கிரஸ் எந்த ரோவையும் இருந்த இடத்தில் திருத்துவதில்லை, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முழு ரோவின் புதுப் பிரதி ஒன்று எழுதப்படுகிறது, பழையது செத்த ரோவாக வேக்யூம் என்ற சுத்தம் செய்யும் வேலை வரும் வரை கிடக்கிறது. தனியே டோஸ்ட் டேபிளுக்கு (நீண்ட மதிப்புகளை ஒதுக்கி வைக்கும் இடம்) போன பெரிய உரை மறுபடி எழுதப்படாது, ஆனால் தலைப்பு, சிறிய சுருக்கம் என்று ரோவுக்குள்ளேயே இருப்பது எல்லாம் ஒவ்வொரு பார்வைக்கும் திரும்ப எழுதப்படுகிறது. ஒரு எண்ணை மாற்றுவதற்கு இத்தனை எழுத்து.

இதைக் குறைக்கத்தான் 8.3 பதிப்பிலிருந்து ஹாட் அப்டேட் இருக்கிறது. இண்டெக்ஸில் (வேகமாகத் தேடுவதற்கான அட்டவணை) உள்ள எந்த ஃபீல்டும் மாறாமல், அதே 8 கேபி பக்கத்தில் இடமும் இருந்தால், புதுப் பிரதி அதே பக்கத்தில் விழும், இண்டெக்ஸ்களைத் தொட வேண்டியதில்லை, செத்த பிரதிகளையும் வேக்யூமுக்குக் காத்திராமல் அடுத்து அந்தப் பக்கத்தைத் தொடுகிறவரே ஒதுக்கிவிடுவார். உங்களிடம் பார்வைகள் மீது இண்டெக்ஸ் இருக்கிறதா? பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் என்_டப்_அப்ட் (மொத்த அப்டேட்), என்_டப்_ஹாட்_அப்ட் (அதில் ஹாட் அப்டேட்) இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

மழைக்காகம்:

மிக்க நன்றி, ஆன்_கமிட்டுக்கு மாற்றிவிட்டேன். நேற்றைய வெளியீட்டில் கனெக்ஷன் தீரவில்லை, காத்திருப்பு இன்னும் தெரிகிறது ஆனால் தளம் விழாமல் ஓடுகிறது. நீங்கள் கேட்ட எண்ணிக்கை: ஹாட் அப்டேட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "அதிகம் வாசிக்கப்பட்டவை" பக்கத்துக்காகப் பார்வைகள் மீது இறங்குவரிசை இண்டெக்ஸ் இருக்கிறது. அதை எடுத்தால் அந்தப் பக்கம் மெதுவாகிவிடுமே?

வைகைக்கரை:

அதுதான். ஒவ்வொரு பார்வைக்கும் கதைகள் டேபிளின் எல்லா இண்டெக்ஸிலும் ஒரு புதுப் பதிவு விழுகிறது. எழுத்தாளர் இண்டெக்ஸ், தேதி இண்டெக்ஸ், எல்லாவற்றிலும்.

எண்ணிக்கைகளைத் தனி டேபிளுக்குக் கொண்டுபோங்கள். கதை எண், பார்வைகள், அவ்வளவுதான், கதை எண்ணில் மட்டும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனித்துக் காட்டும் அடையாளம்). ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அளவு) 50 அல்லது அதற்கும் கீழே வையுங்கள், பக்கத்தில் புதுப் பிரதிக்கு இடம் இருக்கட்டும். தானாக ஓடும் வேக்யூமான ஆட்டோவேக்யூம் வழக்கமாக 20 சதவீத ரோக்கள் செத்த பிறகுதான் கிளம்பும், இந்த டேபிளுக்கு மட்டும் அதை 1 சதவீதம் அளவுக்கு இறக்குங்கள், சின்ன டேபிள்தானே, ஓடினால் ஓடட்டும். அதிகம் வாசிக்கப்பட்டவை பக்கம் நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முதல் 100 கதைகளைக் கணக்கிட்டு இன்னொரு டேபிளில் போட்டுவிடுங்கள், பக்கம் அதைப் படிக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, எங்கேயாவது மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும் டிரான்சாக்ஷன் ஒன்று இருந்தால் எல்லாம் வீண். ரிப்போர்ட் குவெரி, மறந்துபோன பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸின் கமாண்ட் லைன்) ஜன்னல், எதுவாகவும் இருக்கலாம். அது பார்க்கக்கூடிய பழைய பிரதிகளை வேக்யூமும் தொடாது, ஹாட் சுத்தமும் தொடாது. அடிக்கடி மாறும் ரோவுக்கு ஆயிரக்கணக்கில் செத்த பிரதிகள் சேர்ந்து, ஒரு ரோவைப் படிக்கவே நேரமாகும். சும்மா திறந்து கிடப்பவற்றை வெட்டிவிடும் ஐடில் இன் டிரான்சாக்ஷன் டைம்அவுட் கட்டாயம் வையுங்கள்.

ஓடக்கல்:

இவ்வளவு எதற்கு? ரெடிஸில் இன்கிர் (ஒன்று கூட்டும் கட்டளை) போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை போஸ்ட்கிரஸில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

செம்பருத்தி:

ஓடக்கல், வேகம் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, ஏற்கெனவே ரெடிஸ் ஓடுகிற இடத்தில் நானும் யோசிப்பேன். ஆனால் ரெடிஸிலிருந்து எடுத்து போஸ்ட்கிரஸில் எழுதும் அந்த இடம் இரண்டு சிஸ்டத்துக்கு நடுவில் இருக்கிறது, இரண்டையும் கட்டும் ஒரே டிரான்சாக்ஷன் கிடையாது. எடுத்து அழித்துவிட்டு எழுதும் முன் ப்ராசஸ் செத்தால் எண்ணிக்கை போச்சு. எழுதிவிட்டு அழிக்கும் முன் செத்தால் இரண்டு முறை ஏறும். தொகுதிக்கு ஒரு அடையாள எண் கொடுத்து, அதையும் போஸ்ட்கிரஸில் யுனிக்காகப் பதிந்து, மறுபடி வந்தால் தள்ளிவிடுவது என்று செய்யலாம். மழைக்காகம் ஆள் இல்லை என்கிறார், அவருக்கு இந்தச் சுமை எதற்கு?

போஸ்ட்கிரஸுக்குள்ளேயே இதைச் செய்யலாம். உண்டியலில் காசு போடுகிறவர் மொத்தம் எவ்வளவு என்று எண்ணிவிட்டுப் போடுவதில்லை, போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார், திறந்து எண்ணுவது வேறு நாளில் வேறு ஆட்கள். அதே மாதிரி, ஒவ்வொரு பார்வைக்கும் பார்வை_நிகழ்வு என்ற டேபிளில் ஒரு ரோ இன்சர்ட் செய்யுங்கள். இன்சர்ட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காது, ஆயிரம் பேர் ஒரே கதைக்கு வந்தாலும் ஆயிரம் தனித்தனி ரோ. அப்புறம் அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வேலை ஓடட்டும்: வித் பகுதிக்குள் டெலீட் ரிட்டர்னிங் (அழித்த ரோக்களைத் திருப்பித் தரும் டெலீட்), வந்த ரோக்களைக் கதை எண் வாரியாகத் தொகுத்து, எண்ணிக்கை டேபிளில் இன்சர்ட் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் (ரோ இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் திருத்தும்). எல்லாம் ஒரே ஸ்டேட்மென்ட், அதனால் அழித்ததும் கூட்டியதும் சேர்ந்தே நடக்கும், நடக்காவிட்டால் இரண்டுமே நடக்காது. ஒரே கதைக்கு 3,000 பார்வை வந்திருந்தாலும் எண்ணிக்கை டேபிளில் ஒரு அப்டேட்தான்.

பலர் இதை வேறு மாதிரி செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். "போன தடவை எந்த ஐடி வரை எண்ணினேன் என்று குறித்து வைத்துக்கொள்வேன், அடுத்த தடவை அதற்கு மேல் உள்ளதை மட்டும் எண்ணுவேன்" என்று எழுதாதீர்கள். ஐடி தரும் சீக்வென்ஸ் எண்ணைக் கொடுப்பது இன்சர்ட்டின்போது, ரோ மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட்டின்போது. 1001 எடுத்தவர் இன்னும் கமிட் செய்யாமல் இருக்க 1002 எடுத்தவர் கமிட் செய்துவிடலாம். நீங்கள் 1002 வரை எண்ணிவிட்டுக் குறித்துக்கொண்டால் 1001 என்றைக்கும் எண்ணப்படாது. டெலீட் ரிட்டர்னிங்கில் இந்தச் சிக்கல் கிடையாது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுக்கும், மற்றது அடுத்த சுற்றுக்கு நிற்கும்.

இந்த வேலை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடாமல் இருக்க ஆரம்பத்தில் டிரை அட்வைசரி லாக் (எந்த ரோவையும் தொடாமல் ஆப்பே எடுக்கும் பூட்டு) ஒன்று எடுங்கள், கிடைக்காவிட்டால் சும்மா திரும்பிவிடட்டும். நிகழ்வு டேபிள் எப்போதும் காலியாகிக்கொண்டே இருப்பதால் செத்த ரோக்கள் சேரும், ஆட்டோவேக்யூமை அங்கேயும் முடுக்கிவிடுங்கள். போக்குவரத்து மிக அதிகமானால் மணிக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் ஒரு துண்டு) என்று பிரித்து, எண்ணி முடித்த பார்ட்டிஷனை அப்படியே டிராப் செய்வது நல்லது. பார்வைகள்தானே என்பதால் அன்லாக்ட் (வால் என்ற மாற்றப் பதிவேட்டில் எழுதாத) டேபிளாகக்கூட வைக்கலாம், அந்த எழுத்து மிச்சம். சர்வர் கிராஷ் ஆனால் அந்த டேபிள் காலியாகிவிடும், நகல் சர்வரான ரெப்ளிகாவுக்கும் போகாது, இவை தெரிந்து செய்யுங்கள்.

கல்வெட்டு:

விருப்பங்கள் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அங்கே உண்மை என்பது எண்ணிக்கை கிடையாது, "இவர் இந்தக் கதையை விரும்பினார்" என்ற ரோதான் உண்மை. கதை எண், வாசகர் எண் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ. அழுத்தியதும் இன்சர்ட் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் (ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாது). எண்ணிக்கையைக் கூட்டுவது ஆஃப்டர் இன்சர்ட் டிரிகரில் (ரோ சேர்ந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்), ஏற்கெனவே இருந்த ரோவுக்கு அந்த டிரிகர் ஓடாது, அதனால் இரண்டு முறை தட்டினாலும், நெட் மெதுவாகி ஆப் திரும்ப அனுப்பினாலும் எண் கெடாது. பிஃபோர் இன்சர்ட்டில் வைத்தால் மோதும் ரோவுக்கும் ஓடிவிடும், கவனம்.

போலிக் கணக்குகளை மொத்தமாக அழிக்கும் நாளை நினைத்து எழுதுங்கள். ரோவுக்கு ரோ ஓடும் டிரிகர் என்றால், ஒரே கதையின் எண்ணிக்கையை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் நூற்றுக்கணக்கில் குறைத்துக்கொண்டிருக்கும். பதிப்பு 10லிருந்து ஸ்டேட்மென்ட் டிரிகரில் டிரான்சிஷன் டேபிள் கிடைக்கிறது, மாறிய ரோக்களைத் தொகுத்துக் கதைக்கு ஒரு அப்டேட் போதும். ஒரே டிரான்சாக்ஷனில் பல கதைகளின் எண்களை மாற்றுகிற எந்த இடமாக இருந்தாலும் கதை எண் வரிசையில் லாக் எடுங்கள். ஒருவர் 7ஐப் பிடித்துக்கொண்டு 12க்குக் காத்திருக்க, இன்னொருவர் 12ஐப் பிடித்துக்கொண்டு 7க்குக் காத்திருந்தால் டெட்லாக்தான், போஸ்ட்கிரஸ் இருவரில் ஒருவரை வெளியே தள்ளும்.

உடனே தெரிய வேண்டும், ஆனால் கூட்டமும் தாங்க வேண்டும் என்றால் எண்ணிக்கையை உடைத்து வையுங்கள். கதைக்கு ஒரு ரோவுக்குப் பதில் 16 ரோ, 0 முதல் 15 வரை இடம். கூட்டும்போது சீரற்ற முறையில் ஒரு இடத்தைத் தேர்ந்து அதில் கூட்டுங்கள், படிக்கும்போது 16ஐயும் சம் போடுங்கள். மோதல் பெரும்பாலும் போய்விடும், 16 சின்ன ரோவைக் கூட்டுவது படிப்பவருக்குச் சுமையே கிடையாது. எல்லாக் கதைக்கும் இது தேவையில்லை, அந்தந்த இடத்துக்கு முதல் விருப்பம் விழும்போது ஆன் கான்ஃப்ளிக்ட் மூலம் ரோ உருவாகட்டும், யாரும் படிக்காத கதைக்கு ஒன்றிரண்டு ரோவோடு நின்றுவிடும்.

இரவில் ஒரு முறை உண்மை டேபிளை எண்ணி, எண்ணிக்கை டேபிளோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் லாகில் எழுதச் சொல்லுங்கள். சும்மா திருத்திவிட்டுப் போகாதீர்கள், வித்தியாசம் வந்தால் எங்கோ டிரிகரைச் சுற்றிக்கொண்டு யாரோ எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

தாமிரபரணி:

மைஎஸ்க்யூஎல்லில் இதே வேலையைச் செய்பவர்கள் இந்தத் திரியைப் படித்தால் அவர்களுக்காக. அதன் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியில் ஃபாரின் கீ (வேறு டேபிளின் ரோவைச் சுட்டும் இணைப்பு) உள்ள குழந்தை டேபிளில் இன்சர்ட் செய்தால், தாய் ரோ மீது ஷேர்ட் லாக் (பலர் சேர்ந்து பிடிக்கலாம்) விழும். இரண்டு பேர் ஒரே கதைக்கு விருப்பம் போட்டு, இருவரும் ஷேர்ட் லாக் வாங்கிக்கொண்டு, அப்புறம் அதே கதை ரோவில் எண்ணிக்கையை அப்டேட் செய்யப் போனால் இருவருக்கும் எக்ஸ்க்ளூசிவ் லாக் (ஒருவர் மட்டும் பிடிப்பது) வேண்டும், ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து டெட்லாக். முதலில் எண்ணிக்கை, பிறகு இன்சர்ட் என்று மாற்றினால் டெட்லாக் போகும், லாக் பிடிக்கும் நேரம் கூடும். எண்ணிக்கையைத் தனி டேபிளில் வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. போஸ்ட்கிரஸில் 9.3லிருந்து இந்த மோதல் கிடையாது, கீயைத் தொடாத அப்டேட்டும் ஃபாரின் கீ சோதனையும் ஒன்றையொன்று தடுக்காது.

இன்னோடிபியில் லாக்குக்குக் காத்திருக்கும் வழக்கமான உச்ச நேரம் 50 நொடி. வெப் ரிக்வெஸ்ட்டுக்கு இது மிக மிக அதிகம், குறைத்து வையுங்கள்.

மழைக்காகம்:

எல்லாருக்கும் நன்றி, எண்ணிக்கைகளுக்குத் தனி டேபிள், பார்வைக்கு நிகழ்வு டேபிள் இரண்டையும் டெஸ்ட் சர்வரில் எழுத ஆரம்பித்துவிட்டேன். 500 பேர் கணக்கு? அங்கேயும் 16 இடமாக உடைக்கலாமா?

வைகைக்கரை:

அங்கே உடைத்தால் கஷ்டம். 500ஐ 16 இடத்துக்குப் பங்கிட்டால், ஒருவர் போன இடம் காலியாகி மற்ற இடங்களில் மிச்சம் இருக்கும், அவரை இல்லை என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை. 500தானே, மொத்தமே 500 வெற்றிகரமான அப்டேட். மிச்சம் என்ற ஃபீல்டில் 500 வைத்து, மிச்சம் = மிச்சம் - 1, வேர் (நிபந்தனை) பகுதியில் மிச்சம் > 0, ரிட்டர்னிங். ரோ திரும்பினால் அவருக்கு இடம் உண்டு, திரும்பாவிட்டால் தீர்ந்தது. முதலில் செலக்ட் செய்து பார்த்துவிட்டு அப்புறம் அப்டேட் செய்யும் பழக்கம் இங்கே வேண்டாம், நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் போட்டுவிடுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்ற ரோவை அதே டிரான்சாக்ஷனில் முதலில் யுனிக்காக இன்சர்ட் செய்து, இந்த அப்டேட்டைக் கடைசி வேலையாக வையுங்கள், இடம் இல்லையென்றால் ரோல்பேக், அதாவது எல்லாவற்றையும் ரத்து.

இன்னொரு வழி, முன்கூட்டியே 500 ரோ உருவாக்கி வைத்து, ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் போட்டு யாரும் பிடிக்காத ஒன்றை எடுத்து அந்த வாசகர் பெயரில் எழுதுவது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கடைசிச் சில ரோக்கள் பிறர் கையில் இருக்கும் அந்தக் கணத்தில் வருபவருக்குத் தீர்ந்துவிட்டது என்று பதில் போகும், அப்புறம் அதில் ஒருவர் ரோல்பேக் ஆனால் இடம் மிஞ்சும். பணம் கட்டும் படி நடுவில் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இலவசம் என்பதால் முதல் வழியே போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு எண்ணிலிருந்து பலர் லாக் இல்லாமல் பங்கு ஒதுக்கிக்கொள்ளும் யோசனை பழையது, பாட்ரிக் ஓநீல் 1986லேயே எஸ்க்ரோ முறை என்று எழுதினார். ஆரக்கிள் 23ஏஐயில் ரிசர்வபிள் என்று அறிவிக்கும் ஃபீல்டுகள் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கின்றன. போஸ்ட்கிரஸில் அப்படி ஒன்று உள்ளே இல்லை, மேலே சொன்ன வழிகள்தான்.

மழைக்காகம்:

முதல் வழியே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, பழைய பார்வைகளைப் புது டேபிளுக்கு மாற்றும்போது தளத்தை நிறுத்த வேண்டுமா?

செம்பருத்தி:

வேண்டாம். முதலில் ஆப்பை மாற்றி, புதிய பார்வைகள் எல்லாம் நிகழ்வு டேபிளில் மட்டும் விழும்படி வெளியிடுங்கள், பழைய ஃபீல்டில் யாரும் எழுதாத நிலை வரட்டும். பழைய ஆப் ப்ராசஸ்கள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று உறுதி செய்த பிறகு, பழைய எண்ணைப் புது டேபிளில் ஆன் கான்ஃப்ளிக்ட் மூலம் கூட்டுங்கள், மேலெழுத வேண்டாம், இதற்குள் தொகுப்பு வேலை அங்கே ஏதாவது எழுதியிருக்கும். ஆயிரம் ஆயிரம் கதையாக, கதை எண் வரிசையில் போங்கள், ஒவ்வொரு தொகுதியிலும் கூட்டிய கையோடு அதே டிரான்சாக்ஷனில் பழைய ஃபீல்டைப் பூஜ்யமாக்குங்கள், பாதியில் நின்று மறுபடி ஓட்டினாலும் இரண்டு முறை ஏறாது. அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் காட்டும்போது இரண்டு எண்ணையும் கூட்டிக் காட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் பார்வைகள் மீதிருந்த அந்த இண்டெக்ஸை டிராப் கன்கரன்ட்லியாக (மற்றவர்களைத் தடுக்காமல்) எடுத்துவிடுங்கள், ஃபீல்டை ஒரு வாரம் கழித்து எடுக்கலாம்.